கணினி மென்பொருளாக மாறிய மின்னஞ்சல் பக்கமும் யாங்கோனின் இணைய மையங்களும்

கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவை, தனது மிக எளிய வடிவத்தை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. அதிவேக இணைப்பும் புதிய கணினியும் உள்ளவர்களில் பெரும்பாலானோர் அப்படி ஒரு வடிவம் இருந்ததையே அறிந்திருக்கவில்லை. ஆனால் பர்மாவின் மிகப் பெரிய நகரான யாங்கோனில் 2000களில் மின்னஞ்சல் பார்த்தவர்களுக்கு, ஒரு கடிதம் திறக்குமா திறக்காதா என்பதையே இத்தகைய எளிய வடிவங்கள்தான் பல நேரங்களில் தீர்மானித்தன.

இணையவழி மின்னஞ்சல் பக்கங்களை, கணினியில் நிறுவப்படும் மென்பொருளைப் போலத் தோன்றவும் இயங்கவும் செய்யும் முயற்சி சுமார் கால் நூற்றாண்டு காலமாக நடந்து வருகிறது. அது பொதுவாக ஒரு தொழில்நுட்ப முன்னேற்றமாகவே பேசப்படுகிறது. எனினும், அந்த வடிவமைப்பு தனது பயனாளரைப் பற்றி மூன்று விடயங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: அவரது கணினி வேகமானது, இணைப்பு அறுபடாதது, அந்தக் கணினி அவருக்கே உரியது.

இந்த மூன்றும் பொய்த்துப்போகும் ஓர் இடத்தில் என்ன நடக்கும் என்பதை யாங்கோனின் அனுபவம் காட்டுகிறது.

கடிதத்துக்கு ஒரு பக்கம்

ஹாட்மெயில் சேவை 1996ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி தொடங்கப்பட்டது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் அதனை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட் அதனை வாங்கியது. 1997இலேயே யாஹூவும் தனது மின்னஞ்சல் சேவையை ஆரம்பித்தது.

இவற்றின் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பக்கம். ஒரு கடிதத்தை அழுத்தினால், உலாவியானது தொலைவிலுள்ள வழங்கிக் கணினியிடம் ஒரு முழுப் பக்கத்தைக் கேட்டு வாங்கும். அதனை நீக்கினால் மீண்டும் ஒரு முழுப் பக்கம். பட்டியலுக்குத் திரும்பினால் மற்றொரு பக்கம். இடையில் திரை வெறுமையாகும். பயனாளர் காத்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் அலுவலகங்களில் அவுட்லுக் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. இடப்பக்கம் கோப்புறைகள், நடுவில் கடிதப் பட்டியல், அருகிலேயே கடிதத்தின் உள்ளடக்கம் என மூன்று பகுதிகளும் ஒரே திரையில் இருந்தன. கடிதத்தை மவுஸால் இழுத்துச் சென்று கோப்புறையில் போடலாம். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தி நீக்கலாம்.

இந்த இடைவெளியை இணைக்கும் முதல் முக்கிய முயற்சி மைக்ரோசாப்டுக்குள்ளேயே நடந்தது. அவுட்லுக்கின் இணைய வடிவத்தை உருவாக்கியவர்களின் தேவைக்காக எழுதப்பட்ட ஒரு நிரல்கூறு, 1999 மார்ச்சில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியுடன் சேர்க்கப்பட்டது. முழுப் பக்கத்தையும் மாற்றாமல், தேவையான சிறு தகவலை மட்டும் பின்னணியில் வழங்கியிடம் கேட்டுப் பெற அது வழிசெய்தது.

இதே முறையைப் பொதுமக்களுக்குக் கொண்டு வந்தது ஆட்போஸ்ட் என்ற சிறிய நிறுவனம். 2002இல் தொடங்கிய அந்தச் சேவை கட்டணம் பெற்றுக்கொண்டு, உலாவிக்குள்ளேயே ஏறத்தாழ அவுட்லுக் போன்ற ஒரு திரையைத் தந்தது. 2004 ஜூலையில் யாஹூ அதனை வாங்கியது. அதன் அடிப்படையில் உருவான புதிய யாஹூ மெயில் 2005 செப்டம்பரில் சோதனைக்கு விடப்பட்டு, 2007இல் அனைவருக்கும் திறக்கப்பட்டது.

இதற்கிடையே 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 மெகாபைட்டும் யாஹூ 4 மெகாபைட்டும் இலவசமாகத் தந்துகொண்டிருந்த வேளையில், அது 1 ஜிகாபைட் இடம் தந்தது. அதன் திரை முழுவதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் இயங்கியது. இந்த முறைகளின் தொகுப்புக்கு 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார். மைக்ரோசாப்டும் 2007 மே மாதம் புதிய ஹாட்மெயிலை முழு வடிவம், பழைய பாணி வடிவம் என இரண்டு விதமாக வெளியிட்டது.

தடைசெய்யப்பட்ட அஞ்சல் பெட்டி

இந்த மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில் பர்மாவில் இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அனுமதியின்றிக் கணினி மோடம் வைத்திருப்பதைக் கூடச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக ஆக்கியிருந்தது 1996ஆம் ஆண்டின் கணினிச் சட்டம். இணையச் சேவையை அரச தபால் தொலைத்தொடர்பு நிறுவனமும், பகான் சைபர்டெக் நிறுவனமும் மட்டுமே வழங்கின. பகான் சைபர்டெக்கை நடத்தியவர் அப்போதைய உளவுத்துறைத் தலைவர் கின் நியுன்ட்டின் மகன் என்பது குறிப்பிடத்தக்கது. 2004 அக்டோபரில் கின் நியுன்ட் பதவி இழந்த பின்னர் அந்த நிறுவனமும் கைமாறி, வேறு பெயர் பெற்றது.

அரசு முதலில் குறிவைத்த சேவைகளில் ஒன்று இலவச இணையவழி மின்னஞ்சல். உள்நாட்டு நிறுவனங்கள் வழங்கும் மின்னஞ்சலை அரசினால் கண்காணிக்க முடியும். கடிதங்கள் வெளிநாட்டில் இருக்கும் ஹாட்மெயிலையோ யாஹூவையோ அவ்வாறு கண்காணிப்பது கடினம். இணையத் தணிக்கையை ஆய்வு செய்த ஓப்பன்நெட் இனிஷியேட்டிவ் அமைப்பு 2005ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், தான் சோதித்த மின்னஞ்சல் சேவைத் தளங்களில் சுமார் 85 சதவீதமானவை பர்மாவில் தடைசெய்யப்பட்டிருந்ததாகக் கூறியது. 2006இன் நடுப்பகுதியில் ஜிமெயிலுக்கும் தடை விழுந்தது.

ஆயினும் யாங்கோன் மக்கள் மின்னஞ்சல் பார்ப்பதை நிறுத்தவில்லை. இணைய மையங்களில் பணிபுரிந்த இளைஞர்கள் ப்ராக்ஸி எனப்படும் இடைநிலை வழங்கிகளின் முகவரிகளை அறிந்து வைத்திருந்தனர். தடைசெய்யப்பட்ட தளத்தை அந்த இடைநிலை வழங்கி கேட்டு வாங்கி, பயனாளருக்குக் கொடுக்கும். ஒரு முகவரி தடைபட்டால் மற்றொன்று வரும்.

இங்கேதான் மின்னஞ்சல் பக்கத்தின் வடிவமைப்பு ஒரு நடைமுறைப் பிரச்சினையாக மாறியது. முழுப் பக்கங்களாக வரும் பழைய மின்னஞ்சலை ஒரு சாதாரண ப்ராக்ஸியால் எளிதில் கடத்த முடியும். பக்கத்திலுள்ள இணைப்பு முகவரிகளை மாற்றி எழுதினால் போதும். ஆனால் மென்பொருள் போல இயங்கும் பக்கம், தன் நிரலுக்குள்ளிருந்து நேரடியாக வழங்கியுடன் பேச முயலும். ப்ராக்ஸியால் அந்த நிரலைப் புரிந்து மாற்றி எழுத முடியாவிட்டால், திரை பாதியில் நின்றுவிடும். அதனால் ஜிமெயிலின் எளிய வடிவமும், ஜிலைட் போல ஜிமெயிலை மெலிதாக்கித் தந்த இடைநிலைத் தளங்களும் அங்கே வரவேற்புப் பெற்றன.

வேகத்தின் கணக்கு

அடுத்த பிரச்சினை இணைப்பின் வேகம். 2010 நவம்பரில், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் நடைபெற்ற பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்னதாக, பர்மாவின் இணைய இணைப்பு பெரும் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியது. அப்போது ஆர்பர் நெட்வொர்க்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், நாட்டின் வெளி இணைப்பின் கொள்ளளவை நொடிக்கு 45 மெகாபிட் என்று குறிப்பிட்டது. ஆளுக்கு 30 கிலோபிட் வீதம் பகிர்ந்தால், அந்தக் கொள்ளளவு ஒரே நேரத்தில் 1,500 பேருக்கு மட்டுமே போதும்.

30 கிலோபிட் வேகத்தில் 300 கிலோபைட் நிரல் இறங்குவதற்கு 80 நொடிகள் பிடிக்கும். அது இறங்கி முடியும் வரை மென்பொருள் போன்ற மின்னஞ்சல் பக்கத்தில் ஒரு கடிதத்தின் தலைப்பைக் கூடப் பார்க்க முடியாது. எளிய பக்கமோ, வந்த வரையில் எழுத்துக்களைக் காட்டிவிடும்.

செயற்கைக்கோள் வழியான இணைப்பாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஒரு கேள்வி சென்று, பதில் திரும்பி வர ஏறத்தாழ அரை நொடி ஆகும். எத்தனை மெகாபிட் கொள்ளளவு இருந்தாலும் இந்தத் தாமதம் குறையாது. சிறு சிறு கேள்விகளாக அடிக்கடி வழங்கியிடம் பேசும் பக்கம் ஒவ்வொரு முறையும் அந்த அரை நொடியைச் செலவிட வேண்டும்.

எனினும், புதிய வடிவமைப்பு ஏழை இணைப்புக்கு எப்போதும் பகை என்று கூறுவது சரியாகாது. முதல் முறை நிரல் இறங்கி முடிந்த பின்னர், ஒவ்வொரு கடிதத்துக்கும் அதன் உள்ளடக்கம் மட்டுமே வர வேண்டும். தலைப்புப் படங்களும் விளம்பரங்களும் மீண்டும் மீண்டும் வரத் தேவையில்லை. நீண்ட நேரம் அமர்ந்து பல கடிதங்களைப் படிப்பவருக்கு இது இலாபம். ஒரு மணி நேரக் கட்டணம் செலுத்தி இரண்டு கடிதங்களை மட்டும் பார்த்துச் செல்பவருக்கு நட்டம்.

மின்வெட்டு இந்தக் கணக்கை மேலும் மாற்றுகிறது. யாங்கோனில் மின்சாரம் அடிக்கடி தடைபடும். பழைய பக்கத்தில் அரை மணி நேரம் தட்டச்சு செய்த கடிதம், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு மின்சாரம் போனால் முழுவதும் அழிந்துவிடும். புதிய பக்கம் எழுதும்போதே வரைவைத் தானாக வழங்கியில் சேமித்து வைத்தது. இது பயனாளருக்குக் கிடைத்த உண்மையான நன்மை.

யாருடைய கணினி?

மூன்றாவது பிரச்சினையே மிகக் கடுமையானது. மென்பொருள் போன்ற பக்கம், கணினி பயனாளருடையது என்று கருதுகிறது. ஆகவே கடவுச்சொல்லை நினைவில் வைக்க முன்வருகிறது. பெட்டியை நாட்கணக்கில் திறந்தபடியே வைத்திருக்கிறது. எழுதி முடிக்காத வரைவையும் காக்கிறது. 2009 ஜனவரியில் ஜிமெயில் சோதனை முறையில் அறிமுகப்படுத்திய ஒரு வசதி, இணைப்பு இல்லாதபோதும் படிக்கும் வகையில் கடிதங்களைக் கணினியிலேயே சேமித்தது. சொந்தக் கணினியில் இவை அனைத்தும் வசதிகள். பொதுக் கணினியில் இவை தடயங்கள்.

யாங்கோனின் இணைய மையங்களில் வாடிக்கையாளர்களின் அடையாள விவரங்கள் பதிவு செய்யப்பட்டதாகவும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரையின் பிரதியை எடுத்து அதிகாரிகளிடம் கையளிக்க மையங்கள் பணிக்கப்பட்டதாகவும் ஊடக உரிமை அமைப்புகள் அக்காலத்தில் தெரிவித்தன. மூன்று பகுதிகள் கொண்ட திரையில் ஒரே பிரதியில் கோப்புறைகளின் பெயர்களும், கடிதம் அனுப்பியவர்களின் பட்டியலும், கடிதத்தின் வாசகமும் பதிவாகிவிடும். பழைய பக்கத்தில் கடிதப் பட்டியலும் கடிதத்தின் வாசகமும் ஒரே நேரத்தில் தெரியாது.

2007 செப்டம்பரில் பௌத்த பிக்குகள் தலைமையில் நடந்த போராட்டங்களின் படங்கள் யாங்கோனின் இணைய மையங்கள் வழியாகவும் உலகுக்குச் சென்றன. அந்த மாத இறுதியில் அரசு நாட்டின் இணைய இணைப்பையே துண்டித்தது. அடுத்த இரண்டு வாரங்களில்தான் அது படிப்படியாக மீண்டது.

அதன் பின்னர் கைதுகள் தொடர்ந்தன. யாங்கோனில் இணைய மையங்களை நடத்தியவரும் வலைப்பதிவாளருமான நே போன் லாட் 2008 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். இராணுவத் தலைவர் தான் ஷ்வேயைச் சித்தரித்த ஒரு கேலிச்சித்திரம் அவரது மின்னஞ்சல் பெட்டியில் இருந்தது என்பது அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று. 2008 நவம்பரில் அவருக்கு 20 ஆண்டுகள் 6 மாதங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது 12 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டு, 2012 ஜனவரியில் அவர் விடுதலையானார்.

ஓர் அஞ்சல் பெட்டியில் கிடக்கும் சித்திரம் இருபது ஆண்டுத் தண்டனைக்குக் காரணங்களில் ஒன்றாக முடியும் என்றால், எதையும் நீக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள் என்ற ஜிகாபைட் காலத்து அழைப்புக்கு அங்கே வேறு பொருள் வந்துவிடுகிறது.

பாதுகாப்பில் ஏற்பட்ட முன்னேற்றங்களையும் இங்கே சொல்ல வேண்டும். 2008 ஜூலையில், ஒருவரது பெட்டி வேறெங்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதைக் காட்டி, அவற்றைத் தொலைவிலிருந்தே மூடும் வசதியை ஜிமெயில் அளித்தது. 2010 ஜனவரியில் கடிதப் போக்குவரத்து முழுவதையும் சங்கேதமாக்கும் முறையை அனைவருக்கும் இயல்பாக்கியது. யாஹூ அதனைச் செய்ய 2014 ஜனவரி வரை ஆனது. வழியில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து இது காக்கும். அருகில் நின்று திரையைப் பார்ப்பவரிடமிருந்து காக்காது.

எழுத்துரு என்ற தடை

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிக்கலும் இதில் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. பர்மிய மொழியில் அதே இடத்தை ஸாஜி எழுத்துரு வகித்தது. யுனிகோட் தரத்துடன் முழுமையாக ஒத்துப்போகாத அந்த முறையிலிருந்து அதிகாரபூர்வமாக விலகுவதற்கு 2019 அக்டோபர் 1ஆம் தேதி வரை ஆனது.

அதுவரை மின்னஞ்சல் எவ்வளவு நவீனமான திரையில் வந்தாலும், அது வாசிக்கக்கூடியதா என்பது எதிரிலுள்ள கணினியில் என்ன நிறுவப்பட்டுள்ளது என்பதையே சார்ந்திருந்தது. எங்கிருந்தும் எந்தக் கணினியிலும் படிக்கலாம் என்ற இணையவழி மின்னஞ்சலின் அடிப்படை வாக்குறுதி, பர்மியருக்கும் தமிழருக்கும் நீண்ட காலம் பாதியளவே நிறைவேறியது.

கைத்தொலைபேசிக்கு இடம் மாறிய கேள்வி

2011 செப்டம்பரில் பர்மிய அரசு பல வெளிநாட்டுத் தளங்கள் மீதான தடையை நீக்கியது. 2014இல் ஊரிடூ, டெலிநோர் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கின. முன்னர் நூற்றுக்கணக்கான டாலர்களுக்கு விற்ற சிம் அட்டை 1,500 கியாத்துக்குக் கிடைத்தது. இணைய மையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அடுத்து வந்தவர்களில் பலர், மின்னஞ்சலைத் தாண்டி நேரே ஃபேஸ்புக்குக்குச் சென்றனர்.

ஆனால் பழைய கேள்விகள் மறையவில்லை. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. மூன்று நாட்களில் ஃபேஸ்புக் தடைசெய்யப்பட்டது. மார்ச் நடுப்பகுதியில் கைத்தொலைபேசி வழி இணையம் நிறுத்தப்பட்டது; ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா அகலப்பட்டை இணைப்பும் துண்டிக்கப்பட்டது. வீதிச் சோதனைகளில் படையினர் மக்களின் கைத்தொலைபேசிகளை வாங்கிப் பார்ப்பதாகச் செய்திகள் வந்தன. தடைகளைத் தாண்ட உதவும் விபிஎன் சேவைகளை 2024இல் இராணுவ அரசு முடக்கத் தொடங்கியது. அனுமதியின்றி அத்தகைய சேவை வழங்குவதைத் தண்டிக்கும் சட்டம் 2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்டது.

எப்போதும் திறந்திருக்கும் பெட்டி என்ற எண்ணம் கணினி மென்பொருளிலிருந்து இணையப் பக்கத்துக்கும், அங்கிருந்து கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சோதனைச் சாவடியில் தொலைபேசியை நீட்டுபவர், தனது கடிதங்கள் அனைத்தையும் சேர்த்தே நீட்டுகிறார்.

விலக்கப்பட்ட தெரிவு

வடிவமைப்பாளர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே சேவைக்கு இரண்டு திரைகளைப் பராமரிப்பது செலவு மிக்கது. ஒன்றில் புதிய பாதுகாப்பு வசதிகளைச் சேர்த்து மற்றொன்றை விட்டுவைத்தால், விடப்பட்ட வடிவமே தாக்குபவர்களுக்கு வாசலாகும். யாஹூ தனது பழைய பாணி வடிவத்தை 2013 ஜூனில் கைவிட்டது. ஜிமெயில் பதினோரு ஆண்டுகள் கழித்து அதையே செய்தது.

எனினும், அந்த எளிய வடிவங்கள் பழைமை விரும்பிகளுக்காக மட்டும் வைக்கப்பட்டிருந்தவை அல்ல. மெதுவான இணைப்பு, பழைய கணினி, பிறருடைய இயந்திரம் ஆகிய சூழ்நிலைகளில் இருப்பவர் தனக்கு ஏற்றதைத் தானே தெரிவு செய்ய அவை இடமளித்தன. அவற்றை வைத்திருக்க முடியாவிட்டாலும், அவை செய்த பணியைப் புதிய வடிவமைப்பு ஏற்றுக்கொள்ள முடியும்: நிரல் இறங்கும் முன்பே கடிதத்தின் எழுத்துக்களைக் காட்டலாம், வெளியேறும் பொத்தானை மறைக்காமல் கண்முன் வைக்கலாம், பயனாளர் கேட்டாலன்றி எதையும் இயந்திரத்தில் சேமிக்காமல் இருக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

தாயகத்தை விட்டு வெளியேறி வாழும் எவருக்கும், அங்கிருந்து வரும் ஒரு கடிதம் எத்தனை தடைகளைத் தாண்டி வந்திருக்கிறது என்பது தெரியும். மின்னஞ்சல் பக்கத்தின் அழகும் வேகமும் பற்றிப் பேசும்போது, அக்கடிதத்தை எழுதியவர் எந்தக் கணினியின் முன், யார் பார்த்துக்கொண்டிருக்க அமர்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது. அந்தக் கேள்வியின்றித் திரைகளை மாற்றியமைக்கும் நிறுவனங்கள், தங்கள் பயனாளர்களில் ஒரு பகுதியினருக்கான பெட்டியைப் பூட்டிவிடவோ, அல்லது பிறருக்கு முன் திறந்து வைத்துவிடவோ கூடும்.